இருக்கைகள் உள்ளே போகும் நேரம்

சனிக்கிழமை மாலை நான்கு மணி நாற்பத்திரண்டு நிமிடம். பூப்பந்து ஆட்டங்கள் முடிந்திருந்தன. புள்ளிப்பலகையில் புள்ளிகளை அழித்துவிட்டு யாரோ கடிகாரத்தைப் போட்டிருந்ததால், சிவப்பு எண்களில் நேரம் பெரிதாகத் தெரிந்தது. அந்த நிமிடத்தில்தான் ஒரு பச்சைப் பட்டனை என் கட்டைவிரலால் அமுக்கினேன். நான் வடிவமைத்த பன்னிரண்டு வரிசைப் பார்வையாளர் இருக்கைகள் சுவரை நோக்கி நகரத் தொடங்கின. என் பத்து வயது மகள் மிருதுளா அவற்றுக்கு அடியில் இருந்தாள். அது எனக்குத் தெரியாது.

அவள் இப்போது பக்கத்து அறையில் வீட்டுப்பாடம் செய்வதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். பயம் மொத்தத்தையும் நானே வைத்திருக்கிறேன். நடந்ததைச் சொல்லும் முன் செருப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். செருப்பு புரியாவிட்டால் இந்த நாட்டில் எதுவும் புரியாது.

திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் பதினான்கு ஆண்டுகள் இரும்புத் தாங்கிகள் வரைந்தவன் நான். அங்கே விளையாட்டரங்கு என்றால் சிமெண்டுப் படிக்கட்டு. கட்டியவர் எந்த இடத்தில் விட்டுப்போனாரோ அந்த இடத்திலேயே அது இருக்கும். விழா நடத்த வேண்டுமென்றால் பந்தல்காரர் ஒரு சின்ன வண்டியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு வருவார், பாதிக்குக் கால் ஆடும். அரங்கம் நகராது, ஆட்கள் நகர்ந்துகொள்வார்கள். மலாக்காவுக்கு வந்தபோதுதான் அரங்கமே நகரும் என்று தெரிந்துகொண்டேன். இங்கே ஊருக்கு ஒரு டேவான், அதாவது பொது மண்டபம். காலையில் பூப்பந்து, மாலையில் கல்யாணம், மறுநாள் ரத்த தானம். அதனால் இருக்கைகள் அடுக்குப் பாத்திரங்கள்போல ஒன்றுக்குள் ஒன்று அடங்க வேண்டும். பட்டனை அமுக்கினால் முன்வரிசை இரண்டாவதன் அடியில் புகும், இரண்டும் மூன்றாவதன் அடியில் புகும், கடைசியில் சுவரோரம் ஓர் உயரமான பீரோ மட்டும் நிற்கும். விரித்த நிலையில் அடியில் ஒரு சிறிய குகை இருக்கும், இரும்புக் கால்களும் சக்கரங்களுமாக. மூடும்போது அந்தக் கால்கள் ஒன்றையொன்று நெருங்கும். இதை வரைவதற்காகத்தான் என்னைக் கடல் தாண்டிக் கூப்பிட்டார்கள்.

வெளிநாட்டுக் கையேடு ஒன்றைப் பார்த்து வரைந்தேன். அதில் குடும்பம் குடும்பமாக ஷூ அணிந்து, காலை நீட்டி, ஏதோ பல் விளம்பரத்தில் நடிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் டேவானில் முதல் நிகழ்ச்சி அன்று வாசலில் நின்று பார்த்தேன். மினுமினுக்கும் மரத்தரையைக் கண்டதும் அத்தனை பேரும், மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பாகுபாடின்றி, செருப்பைக் கழற்றினார்கள். வீட்டுக்குள் நுழைவதுபோலத்தான். கழற்றியதை வாசலில் விட்டால் மாறிப்போகும் என்று கையில் எடுத்துவந்து முன்வரிசைக்கு அடியில் செருகினார்கள். பின்னால் வந்தவர்கள் அதைக் காலால் தள்ளிவிட்டுத் தங்களுடையதைச் செருகினார்கள். இப்படி முந்நூறு பேர்.

ஒவ்வொரு வரிசையின் அடியிலும் ஒரு ரப்பர் பட்டை வைத்திருந்தேன். எதன் மீதாவது பட்டால் மோட்டார் நின்றுவிடும். அந்த வடிவமைப்பிலேயே நான் பெருமைப்பட்ட பாகம் அதுதான். முதல் நாள் இருக்கைகளை மூட ஒரு மணி நேரம் ஆயிற்று. அரையடி நகரும், ஒரு செருப்பு, நிற்கும். எடுப்போம். அரையடி நகரும், இன்னொரு செருப்பு. நான்கு மொழிகளில் அறிவிப்பு ஒட்டினேன், காலணிகளை இங்கே வைக்காதீர் என்று. மக்கள் அதைப் படித்துவிட்டு, காலணி வைக்கும் இடம் எது என்று காட்டியதற்காக நன்றியோடு, அதற்கு நேர் கீழே வரிசையாக வைத்தார்கள்.

மாதத்துக்கு நாலு புகார். என் முதலாளி ஜோசப் மலாக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். ஞாயிறு பூசையை ஒருநாளும் தவறவிடாதவர், வாடிக்கையாளர் சொல்லுக்கும் அதே பக்திதான். என்னை அழைத்து, இந்த ஊர்க்காரர்கள் எந்த வாக்கியத்துக்கும் ஒட்டும் 'லா'வோடு, "மோகன், அந்தப் பட்டைய கட் பண்ணிரு லா," என்றார்.

"பாதுகாப்பு சார் அது."

"எதுக்குப் பாதுகாப்பு? சிலிப்பருக்கா?"

அன்று எனக்கும் சிரிப்பு வந்தது. 'மறு வடிவமைப்பு முடியும் வரை தற்காலிகமாகத் துண்டிக்கப்படுகிறது' என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலை அனுமதி ஜோசப்பின் கையெழுத்தில்தான் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. என் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் இப்படி ஒன்றுக்கொன்று உதவியாக வாழ்ந்துவந்தன. தற்காலிகம் என்ற சொல்லுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

பட்டை போனதும் புது வழக்கம் ஒன்று தானாக முளைத்தது. மூடுவதற்கு முன் பிள்ளைகளை அடியில் அனுப்பிச் செருப்புகளை வாரி வெளியே போடச் சொல்வது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தவழ்ந்து போய் இருட்டில் ஒளிந்து விளையாடிவிட்டுக் கை நிறைய அள்ளிவருவார்கள். எவ்வளவு சுறுசுறுப்பு என்று பெற்றோர்கள் பாராட்டுவோம். ரப்பர் பட்டையை எடுத்துவிட்டு அந்த வேலைக்குப் பிள்ளைகளை வைத்திருக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வரைந்த எனக்கும்தான். அந்தச் சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் விளையாட்டு நாள். மாலை விருந்துக்கு மேசை போட வேண்டும். டேவானைப் பார்த்துக்கொள்ளும் பக்சிக், அறுபது வயது மலாய்ப் பெரியவர், பக்கத்துச் சூராவுக்கு, அதாவது சிறிய பள்ளிவாசலுக்கு, அசார் தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து மூடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இருபது நிமிட விஷயம். ஆனால் மற்ற பெற்றோர்கள் முன்னால் என் இயந்திரத்தை நானே ஓட்டிக் காட்ட வேண்டும்போல் இருந்தது. எட்டு வருடமாக அவர்களுக்கு நான் 'ஊர்லேர்ந்து வந்த சார்' மட்டும்தான். ஒருமுறையாவது 'இத செஞ்ச சார்' ஆகிவிடலாமே.

பிள்ளைகளை அனுப்பினேன். வாரி வந்தார்கள். ஐஸ்கிரீம் வண்டி மணியடித்தது. கூட்டமாக ஓடினார்கள், அதில் மிருதுளாவும் ஓடினாள் என்று நினைத்தேன். அடியில் குனிந்து பார்க்கவில்லை. அமுக்கினேன்.

நாலைந்து வரிசைகள் உள்ளே போனதும் கரகரவென்று சத்தம் கேட்டது. மோட்டார் திணறியது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், செருப்பு. விரலை எடுத்தேன். அடுத்து நான் செய்ததைத்தான் தூக்கத்திலும் செய்துகொண்டிருக்கிறேன். "எவன் சிலிப்பரோ," என்று சொல்லிவிட்டு, நசுங்கித் தொலையட்டும் என்று மறுபடி அமுக்கினேன். வரிசை கோணலாகத் திரும்பியது. ஏதோ 'டக்' என்றது. மோட்டார் அணைந்தது.

அந்த அமைதியில்தான் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, நான் உள்ள இருக்கேன்."

யாரோ ஒரு ஆண்டி, ஒரு செருப்பு குறைகிறது என்றாராம். அதை எடுக்க மறுபடி போயிருக்கிறாள். நகரத் தொடங்கியதும் கத்தியிருக்கிறாள். மோட்டார் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பக்கவாட்டில் குனிந்து கைப்பேசி வெளிச்சத்தை அடித்தேன். இரண்டு இரும்புக் கால்களுக்கு நடுவே பக்கவாட்டில் படுத்திருந்தாள். நெஞ்சுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு சாண். ஒரு சக்கரத்தின் முன்னால் நாலைந்து தடித்த ரப்பர் செருப்புகள் அடைபட்டுக் கிடந்தன. பிள்ளைகள் வாராமல் விட்டவை. என் அறிவிப்புக்கு அடங்காதவை. அவைதான் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தன.

யாரோ சூராவுக்கு ஓடினார்கள். பக்சிக் வந்தார், ஓடாமல் வேகமாக. மோட்டாரின் மின்பெட்டிச் சாவி அவரிடம்தான் இருந்தது. நான் தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்து ஏதேதோ கத்தினேன். சாவி, ரீசெட், ரிவர்ஸ், சீக்கிரம். அவர் என் தோளில் கை வைத்து என்னை நகர்த்திவிட்டுத் தரையில் கன்னம் பதித்துப் படுத்துக்கொண்டு என் மகளிடம் கேட்டார், "அடிக், சுடா மாக்கான்?" பாப்பா, சாப்பிட்டாயா என்று.

அந்த நேரத்தில் அந்த மனிதரை அடித்திருப்பேன். என் மலாய் புரியாமல் நலம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். மறுபடி சாவி கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கு எல்லாம் புரிந்தது, அவர் மறுத்தார் என்பது எனக்குத்தான் பிறகு புரிந்தது. சாப்பாட்டில் ஆரம்பித்து, கால் எங்கே, கை எங்கே, முதுகில் ஏதாவது இடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். மிருதுளா அவருக்கு மலாயில் பதில் சொன்னாள், நிதானமாக, வகுப்பில் சொல்வதுபோல. நடுநடுவே எனக்குத் தமிழில், "அப்பா, அழாதீங்க. அவர் பேசறது கேட்கல." திருச்சியில் பிறந்த பிள்ளை. அந்த இடுக்கில் அவள் நம்பிப் பற்றிக்கொண்ட குரல் என்னுடையது இல்லை.

பக்சிக் எழுந்தார். "ஜாங்கான் மோட்டார்," என்றார் என்னிடம். மோட்டார் வேண்டாம். இந்த மோட்டார் எந்தப் பக்கம் இழுக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பதுபோல் கையை இரு பக்கமும் காட்டினார். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரைந்தவன் நான். தெரியவில்லை. பிறகு அவர் மண்டபத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். பூப்பந்து ஆடியவர்கள், சமையலுக்கு வந்தவர்கள், காலையில் எஸ்டேட் தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்த பெண்கள், முப்பது பேர் இருக்கும், முன்வரிசையைப் பிடித்தார்கள். 'இருக்கைகளை எக்காரணம் கொண்டும் கையால் நகர்த்தக் கூடாது.' கையேட்டின் ஒன்பதாம் பக்கம், எழுதியது நான். அதையும் சொல்லப்போனேன்.

பூமணி ஆண்டி என்று எல்லோரும் கூப்பிடும் தோட்டத்துப் பெண் என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க இஞ்சினியர்தானே? ஓரமா நில்லுங்க."

நின்றேன்.

பக்சிக் சத்து, டுவா, தீகா என்று எண்ண, மூன்றில் இழுத்தார்கள். அத்தனை பேரும் வெறுங்காலில் இருந்ததால் அந்த மெழுகுத் தரையில் ஒருவரும் வழுக்கவில்லை. விரல்விரலாக நகர்ந்தது. நாலாவது இழுப்பில் பக்சிக் கையை உயர்த்தினார். உள்ளேயிருந்து முதலில் ஒரு நீலச் செருப்பு வந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த கை. முழங்கையில் சிராய்ப்பு, பின்னல் முழுக்கக் கிரீஸ். வெளியே வந்ததும் அவள் செருப்பை நீட்டி, "ஆண்டி, இதானே?" என்றாள். பூமணி ஆண்டி வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஒற்றைச் செருப்பைக் கேட்டவர் அவர்தான்.

திங்கட்கிழமை நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பட்டைகளைத் திரும்ப இணைக்கும்வரை எங்கள் இருக்கைகள் எந்த மண்டபத்திலும் மூடப்படக் கூடாது என்று வாடிக்கையாளர் அனைவருக்கும் கடிதம் அனுப்பினேன். துண்டிக்கச் சொல்லிக் கையெழுத்திட்டவன் நான் என்பதையும் எழுதினேன். முன்வரிசைக்கு அடியில் செருப்புக்கென்றே ஒரு தட்டு வரைந்துகொண்டிருக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன் அரை நாளில் வரைந்திருக்கக்கூடியது. வேலை அனுமதி புதுப்பிக்கப்படுமா என்று தெரியவில்லை. ஊரிலிருந்து மச்சான் போனில், "உண்மைய எழுதி வேலைய விட்டவன்னு இங்க வந்து சொல்லாத, சிரிப்பானுங்க," என்றார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பிமாரே, நீங்களும் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் நீங்கள் எங்கெங்கே 'தற்காலிகமாக' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. ஜோசப் ஆறு மணிக்கு மேல் வந்து சேர்ந்தார். கிளேபாங் கடற்கரைச் சாலையில் நெரிசலாம். நெரிசலில் நின்ற நேரத்தில் தேங்காய் ஷேக் பானம் மூன்று பிளாஸ்டிக் பொட்டலம் வாங்கியிருந்தார், கையில் தொங்கியது. மிருதுளா என் மடியில் இருந்தாள். அவள் தலையைத் தடவினார், உண்மையான கவலையோடுதான். பிறகு குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தார். நசுங்கிய செருப்புகளை விரலால் தட்டிப் பார்த்தார். எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நின்னுச்சுதானே?" என்றார்.

மிருதுளாவின் பின்னலிலிருந்த கிரீஸை என் சட்டையில் துடைத்தேன்.

"நின்னுச்சுல்ல. அப்புறம் என்ன லா, மோகன். சேஃப்டி வேலை செய்யுது. நீங்க ஊர்க்காரங்க ரொம்பப் பயப்படுறீங்க. இங்க நம்ம ஆளுங்களுக்கு எல்லாம் பழக்கம்."

மிருதுளா அவர் நீட்டிய பொட்டலத்தை வாங்கினாள். உறிஞ்சியைக் குத்தி ஒரு வாய் குடித்தாள்.

"அங்கிள், அப்படின்னா நீங்க உள்ள போய்ப் படுங்க லா," என்றாள். "அப்பா பட்டன அமுக்கட்டும்."