பெட்டிக்கு நான் சொன்ன மணி

எங்கள் மாப்பிள்ளையைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஒரு நிமிஷம்’ என்றால்தான் தெரியும். எந்த வீட்டில் சிசிடிவி கேமரா மக்கர் பண்ணினாலும் இவருக்குத்தான் போன் வரும். “ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்” என்பார். அந்த ஒரு நிமிஷம் சில நாள் மத்தியானம் வரைக்கும் இழுக்கும். ஆனால் வந்துவிட்டால் வேலை சுத்தம். சுவரில் துளை போட்ட தூசியைக்கூடத் தானே கூட்டி அள்ளிக்கொண்டுதான் வருவார்.

என் மகளைக் கட்டிக்கொண்ட போது கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். ஏணியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போகிற மனுஷனுக்கா பெண் கொடுப்பது என்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது உண்மை. கேபிள் தொழில் படுத்ததும் கேமராவுக்கு மாறினார். ஏணி அதேதான். என் மூஞ்சிதான் மெல்ல மெல்ல இறங்கிவந்தது.

இவருக்கு நேரப் பைத்தியம் பிடித்தது ஒரு பல் டாக்டர் வீட்டில். டாக்டர் காரை எவனோ கீறிவிட்டான். வாசல் கேமராவில் அவன் நாலு மணிக்கு வருகிறான். பக்கச் சுவர்க் கேமராவில் அதே ஆள், அதே சட்டை, நாலேகாலுக்கு வருகிறான். “ஒருத்தனா, ரெட்டைப் பிள்ளைங்களா?” என்று போலீஸ்காரர் சிரித்தாராம். இவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கேமராவை நெட்டில் இணைத்தால் அதுவே சரியான மணியை வாங்கிக்கொள்ளுமாம். ஆனால் வீட்டுக்குள் நடப்பதை ஊரான் எவனாவது உட்கார்ந்து பார்ப்பானோ என்று பயந்தவர்கள் நெட்டே வேண்டாம் என்கிறார்கள். அப்படி விட்டால் ஒவ்வொரு கேமராவும் அதனதன் இஷ்டத்துக்கு ஓடும். அந்த வீடுகளுக்காக இவர் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி செய்தார். டைம் சர்வர் என்பார். வீட்டிலிருக்கிற கேமரா எல்லாம் அந்தப் பெட்டியிடம் மணி கேட்கும். அது சொன்னதைத்தான் எல்லாம் காட்டும்.

“அந்தப் பெட்டிக்கு யார் மணி சொல்றது மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“நான்தான் அத்தை. போனைப் பார்த்து வச்சு விட்டுடுவேன். மாசம் ஒரு தடவை போய் சரி பார்ப்பேன்.”

எனக்கு எழுத்து தெரியாது. மணி பார்க்கத் தெரியும். பேத்தி தினமும் ஸ்கூல் பஸ்ஸை விட்டுவிட்டு அழுதுகொண்டு நின்றாள். ஒரு நாள் நாற்காலி போட்டு ஏறி, ஹாலில் இருக்கிற கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கழித்துக்கொள்வார்கள், அப்புறம் எதற்கு?

அதற்கு அடுத்த வாரம் மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் ஒரு பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் போன் செத்துப்போய் உள்ளே சார்ஜில் கிடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்தியிருந்தார்கள். “அத்தை, மணி என்ன? கரெக்டா சொல்லுங்க” என்று கத்தினார். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, முள் இருந்த இடத்தைச் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு அது ஞாபகமே வரவில்லை. என்மேல் சத்தியம்.

அந்தப் பெட்டி நாலு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போனது. அங்கே ஒரு பெரியவர் படுக்கையில் இருந்தார். ராத்திரி மகன் பார்த்துக்கொள்வார், பகலுக்கு ஒரு ஆயா. காலையில் ஏழு மணிக்கு ஆயா வந்த பிறகுதான் மகன் வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்று பேச்சு.

மூன்றாவது வாரம் பெரியவர் கட்டிலிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறைக் கேமராவில் அவர் விழுந்தது ஏழு ஏழுக்கு. ஆயா அறைக்குள் ஓடிவந்தது ஏழு பதினொன்றுக்கு. கட்டடத்தின் கேட்டில் வேறொரு கேமரா இருந்தது. அது நெட்டில் ஓடுவது, மாப்பிள்ளை போட்டதில்லை. அதில் மகன் வெளியே போனது ஆறு ஐம்பத்தாறு. ஆயா உள்ளே வந்தது ஆறு ஐம்பத்தொன்பது.

“ஏழுக்கு முன்னாடியே உள்ளே வந்துட்டே. பன்னிரண்டு நிமிஷம் எங்கே போனே? யார்கூடப் பேசிட்டு நின்னே?” என்று மகன் கேட்டாராம்.

“நேரா மேலே ஏறினேன் சார். ரெண்டு மாடிதானே?”

“அப்போ கேமரா பொய் சொல்லுதா?”

மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். இவர் போய்ப் படத்தை ஓட்டிக் காட்டி, “என் பெட்டி ஒரு நொடிகூடத் தப்பாது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார். பெருமையோடுதான் வந்தார். ஆயாவை அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டோம். நோயாளியை விழவிட்டவள் என்று பெயர் எடுத்தவளை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்?

ஒரு மத்தியானம் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்பது வயசிருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மாப்பிள்ளை வெளியே போயிருந்தார்.

“அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. படிக்கட்டுல ஏறுறதுக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆகுமான்னு அவரே ஒரு தடவை ஏறிப் பார்க்கணும்.”

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. அவள் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“உங்க கடிகாரம் பத்து நிமிஷம் கூட ஓடுதும்மா.”

“அது அப்படித்தான் இருக்கும்” என்றேன், வெடுக்கென்று. அவள் போய்விட்டாள்.

அவள் படி இறங்கின பிறகுதான் எனக்குக் கணக்கு ஓடியது. அறையில் ஏழு ஏழு என்றால் நிஜத்தில் ஆறு ஐம்பத்தேழு. மகன் கேட்டைத் தாண்டி ஒரு நிமிஷம். இவள் கேட்டுக்குள் கால் வைக்கவே இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கிறது. வந்த வேகத்தில் ஏறி, ஏழு ஒன்றுக்கு அவரைத் தூக்கியிருக்கிறாள்.

உடனே சொல்லிவிட்டேனா? இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ரெண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கினேன். அந்த மனுஷன் போனைப் பார்த்திருக்க வேண்டியதுதானே என்றும் நினைத்தேன். மூன்றாம் நாள் மகள், “அந்த ஆயா பாத்திரம் கழுவுற வேலைகூடக் கிடைக்காம அலையறாளாம்” என்றாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

“மாப்பிள்ளை, அன்னிக்கு நான் சொன்ன மணி தப்பு” என்றேன்.

முதலில் சிரித்தார். பிறகு எழுந்து போனை எடுத்துக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். பத்து நிமிஷம் இடித்தது. மகள்தான் கத்தினாள், “அம்மா, ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” அவர் அவளை அடக்கினார். “கேட்டது நான். சரி பார்க்காம வாய் கிழியப் பேசினதும் நான்.”

சட்டையை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். பெட்டி பத்து நிமிஷம் முன்னால் ஓடுவதைப் போனை வைத்துக் காட்டினார். மகன் பார்த்தார். “அப்போ எங்கப்பாவை நான்தான் தள்ளிவிட்டேன்னு சொல்றியா?” என்றார். அன்றைக்கே எல்லாக் கேமராவையும் கழற்றச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் இன்னும் பதினொரு வீட்டில் இவர் போட்ட கேமரா இருந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேண்டாம் என்றார்கள்.

கழற்றின கையோடு இவர் அறைப் படம், கேட் படம் ரெண்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போய், தப்பு தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பதினைந்து நாள் இழுத்தடித்து, ஆயா பெயரைத் திரும்பச் சேர்த்தார்கள். நான் அவளைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். “சரிம்மா” என்றாள். அவ்வளவுதான். காறித் துப்பியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டேன். பேத்தி பஸ்ஸை விடுகிறாள், விட்டுப் போகட்டும். மாப்பிள்ளை என்னிடம் முன்பு போலவே பேசுகிறார், மாத்திரை வாங்கி வருகிறார். மணி மட்டும் கேட்பதில்லை. ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்வதையும் விட்டுவிட்டார்.

போன வாரம் ஆயா அவருக்குப் போன் பண்ணினாள். புது வீடு, புது நோயாளி. அறையில் கேமரா இருக்கிறதாம். “அது சரியான மணி காட்டுதான்னு நீங்களே வந்து பாருங்க. அதுவரைக்கும் நான் உள்ளே போக மாட்டேன். வாசல்லயே நிக்கிறேன்.”

அது வேறு யாரோ போட்ட கேமரா. இவருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தும் ஏணியை ஸ்கூட்டரில் கட்டினார்.