பனிமலைக்குப் போய்த் தூங்கிய வாரம்

ஆண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி ஒப்படைத்த மறுநாள், நானும் என் கணவரும் நார்வேயின் வடகோடிக்கு விமானம் ஏறினோம். மார்ச் மாதக் கடைசி. ஷார்ஜாவில் ஏசி போடாமல் ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிற நாட்கள். என்னைக் கேட்டிருந்தால், புதிய வகுப்பு தொடங்கும்வரை வீட்டிலேயே பாயை விரித்துப் படுத்திருப்பேன். ஆனால் பணம் கட்டியாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது. அவர் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

அவருக்கு துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியர் வேலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நின்ற வருடங்கள் அவை. எங்கள் ஃபிளாட் ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருப் பக்கம் இருந்தது. துபாய் வாடகைக்குப் பயந்து ஷார்ஜாவில் குடியிருந்த எல்லோரையும்போல அவரும் இருட்டோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்புவார். மாலையில் அந்தச் சாலையில் வண்டிகள் நகராது. அவர் வந்து சேரும்போது நான் சோற்றை மூடி வைத்துவிட்டு, மறுநாள் வேதியியல் பாடத்துக்கான குறிப்போடு கட்டிலில் சாய்ந்திருப்பேன். மகள் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை தவிர நாங்கள் ஒருவரையொருவர் முழு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டதே குறைவு.

அந்த வெள்ளிக்கிழமைகளும் பிறகு பனிக்குப் போயின. ஒரு மாலுக்குள் செயற்கைப் பனிமலை கட்டித் திறந்திருந்தார்கள். ஆபீஸுக்கு வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை போனவர், அடுத்த வாரம் தானாகவே போனார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே வாடகைக் கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, காலில் ஸ்கீ என்னும் இரண்டு நீளப் பலகைகளை மாட்டிச் சரிவில் வழுக்கிக்கொண்டு வருவோம். நான் பயந்து பயந்து கற்றுக்கொண்டேன். அவர் நன்றாகவே கற்றுக்கொண்டார். இது ஏன் இவ்வளவு பிடித்திருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"கையில கிளவுஸ் போட்டுட்டா போனை எடுக்க முடியாதுல்ல," என்றார்.

அப்படித்தான் இந்தப் பயணம் வந்தது. மாலில் இருந்ததுபோல் மேலே கொண்டுபோய் விட லிஃப்ட் கிடையாது. ஸ்கீயின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ள வேண்டும். அது பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து மலை ஏற வேண்டும். மேலே போனதும் பட்டையை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டுச் சறுக்கி இறங்க வேண்டும். அரை நாள் ஏறுவதற்குக் கொஞ்ச நேர இறக்கம். இணையத்தில் படங்களைப் பார்த்துவிட்டு, "கடல் ஓரத்துலயே மலை, பாரு!" என்று காட்டினார். எனக்கு அந்த ஏற்றம்தான் கண்ணில் பட்டது.

நாங்கள் தங்கிய மரவீடு கடலை ஒட்டி இருந்தது. வாசலில் இருந்து பார்த்தால் கரும்பச்சைத் தண்ணீர், அதற்கு அந்தப் பக்கம் தண்ணீரில் இருந்தே எழுந்து நிற்கும் வெள்ளை மலைகள். எங்களோடு இரண்டு ஜெர்மன்காரர்கள் இருந்தார்கள். அண்ணன் தம்பி, இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். வழிகாட்டி அந்த ஊர்ப் பெண். முப்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, அளந்த பேச்சு. பனிச்சரிவில் யாராவது புதைந்துபோனால் தேடிக் கண்டுபிடிப்பதற்கான சிறு ரேடியோ கருவியை முதல் நாள் காலையில் ஒவ்வொருவர் மார்பிலும் அவளே கட்டிவிட்டாள். எனக்குக் கட்டும்போது, "தூங்கப் போகும்வரை கழற்றாதீர்கள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் அதன் வாரை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டேன்.

முதல் நாள் சின்னக் குன்று ஒன்றில் எங்களைப் பழக்கினாள். மாலுக்குள் சீவி விட்டதுபோல் இருந்த பனி வேறு, இது வேறு. ஓரிடத்தில் மாவுபோல் இருக்கும், அடுத்த அடியில் அப்பளம்போல் உடைந்து முழங்கால் வரை உள்ளே இழுக்கும். இருவரும் விழுந்து விழுந்து எழுந்தோம். ஆனாலும் சமாளித்துவிட்டோம்.

இரண்டாம் நாள் உண்மையான மலை. தோளளவு உயரமே இருந்த பிர்ச் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறினோம். வழிகாட்டி முன்னால், அவளுக்குப் பின் ஜெர்மன் சகோதரர்கள், பிறகு நான், கடைசியில் என் கணவர். மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கிய இடத்தில் திரும்பிப் பார்த்தேன். அவரைக் காணவில்லை.

பாதையிலேயே கொஞ்சம் இறங்கிப் போனேன். அவர் பையைக்கூடக் கழற்றாமல் பனியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கவில்லை, முகத்தில் வலியும் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க ஆச்சு? நெஞ்சு ஏதாவது பண்ணுதா?"

"இல்ல."

"கால் பிசகிருச்சா?"

"ஒண்ணும் இல்ல. முடியல கண்ணு. அவ்வளவுதான்."

வழிகாட்டி இறங்கி வந்தாள். அவர் கண்ணைப் பார்த்தாள், நாடியைப் பிடித்துப் பார்த்தாள், ஃபிளாஸ்க்கில் இருந்து சூடான ஏதோ பழச்சாற்றைக் குடிக்க வைத்தாள். "கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினீர்கள்?" என்று கேட்டாள். அவர் யோசித்தார். பதில் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் ஆனதைப் பார்த்து, "இன்று இது போதும். எல்லோரும் திரும்பலாம்," என்றாள்.

ஒரே வழிகாட்டி என்பதால் எல்லோரும்தான் திரும்ப வேண்டும். ஜெர்மன் அண்ணன், "பரவாயில்லை, மலை எங்கும் போய்விடாது," என்றார். தம்பி மேலே அந்த உச்சியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. கணவரைப் பற்றிய கவலையைவிட அந்தக் கூச்சம் முன்னால் வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றியதும் அவர் படுத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு எழுப்பினேன், எழவில்லை. மறுநாள் காலையில் எழுப்பியபோது, "நீ போயிட்டு வா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், காய்ச்சல் இல்லை. வெறும் தூக்கம். வாய் திறந்து, கை ஒரு பக்கம் தொங்க, கல்யாணமான புதிதில்கூட நான் பார்க்காத தூக்கம்.

துணைக்கு உட்கார்ந்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருக்காகக் காத்திருப்பதிலேயே எனக்கு வருடங்கள் போய்விட்டிருந்தன. இங்கேயும் வந்து அதையே செய்ய மனம் வரவில்லை. ஷார்ஜாவில் இருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சல் பாட்டிலையும் அரிசியையும் அவர் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்துவிட்டு, ரேடியோ கருவியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று ஏறிய மலை நீளமானது. காற்று இருந்தது. ஒரு கட்டத்துக்குமேல் எதையும் நினைக்கத் தோன்றவில்லை. எனக்கு முன்னால் போன ஜெர்மன் தம்பியின் ஸ்கீயின் பின்நுனியை மட்டும் பார்த்துக்கொண்டு காலை நகர்த்தினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இடப்பக்கம் செங்குத்தான சரிவு ஒன்று இருந்தது. அதன் அடிவாரத்தைக் கடந்துகொண்டிருந்தோம்.

அப்போது காலுக்குக் கீழே 'வுஃப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய மெத்தையில் யாரோ விழுந்து அமுங்குவதுபோல் இருந்தது. நான் நின்றிருந்த தரை அப்படியே ஒரு விரற்கடை இறங்கியது. சரிவின் குறுக்கே பனியில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடி நின்றது.

வழிகாட்டி கையைத் தூக்கினாள். "யாரும் அசையாதீர்கள். பேசாதீர்கள்."

அசையாமல் நின்றோம். எனக்கு அந்த நேரத்தில் எந்தத் தெய்வத்தின் பெயரும் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்ணின் தாளில் கூட்டலைச் சரியாகப் போட்டேனா என்று மனம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டது. சாகப் போகிறேன் என்று நினைத்தபோதும் வேலைதான் நினைவுக்கு வருகிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

மேலே இருந்து பனி சரிந்து வரவில்லை. "வந்த தடத்திலேயே, ஒருவர் பின் ஒருவராக. முதலில் நீங்கள்," என்று என்னைக் காட்டினாள். "பாறை வரை போங்கள். நிற்காதீர்கள். திரும்பிப் பார்க்காதீர்கள்." நான் போனேன். பாறையை அடைந்ததும் அதைக் கட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் வந்தார், தம்பி வந்தார், கடைசியாக அவள் வந்தாள். வந்தவள் என் முதுகில் தட்டி, "உச்சி இன்று நமக்கு இல்லை," என்றாள். அவள் உதடும் வெளுத்திருந்தது.

வீடு திரும்பியபோது உள்ளே ரசம் மணத்தது. அவர் எழுந்து, குளித்து, பொடி போட்டு ரசம் வைத்து, சோறும் வடித்திருந்தார். ஜெர்மன்காரர்கள் உடை மாற்றப் போனார்கள். நான் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவர் கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"கார் கதவு நசுங்குனது, பார்க்கிங்ல தூண்ல இடிச்சேன்னு சொன்னேன்ல."

"ஆமா."

"அது தூண் இல்ல. டூட்டி முடிஞ்சு வந்துட்டிருந்தேன். வண்டி மெதுவா நகர்ந்துட்டே இருந்துச்சு. நான் தூங்கிட்டேன். ஓரத் தடுப்புல தேச்சுக்கிட்டே போயி நின்னிருக்கு. அதுகூடத் தெரியல எனக்கு. ஒரு பாகிஸ்தான் பட்டாணி டாக்ஸிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியத் தட்டுறான். 'பாய், ஸோ கயா க்யா?'ங்கிறான். தூங்கிட்டியான்னு."

நான் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன்.

"தண்ணி குடுத்தான். நான் முகம் கழுவி வண்டி எடுக்குற வரைக்கும் அவன் வண்டியப் பின்னால நிறுத்திட்டு நின்னான். பேசஞ்சர் உள்ள உட்கார்ந்து கத்திட்டிருக்காரு. அவன் பாட்டுக்கு நிக்கிறான்."

"எப்ப இது?"

"பொங்கல் முடிஞ்சு."

"அதுக்கப்புறம் தூங்குனீங்களா, வண்டியில?"

"சிக்னல்ல. நிறைய தடவ."

கோபம் வந்திருக்க வேண்டும். அழுகையாவது வந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் என்னிடம் தெம்பு இல்லை. "சோறு ஆறுது, சாப்பிடலாம்," என்றேன். இருவரும் சாப்பிட்டோம். பாதிச் சாப்பாட்டில் அவர் சொன்னார்.

"ஆபீஸ்ல எஸ்டிமேஷன்ல, செலவுக் கணக்குப் போடுற இடத்துல, ஒரு சீட்டு காலியா இருக்கு. கேட்டுப் பார்க்கலாமான்னு இருக்கு. கிரேடு குறைஞ்சிரும். சைட் வண்டியும் கிடையாது."

"குறையட்டும்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றேங்க. இன்னிக்கு மத்தியானம் ஒரு கல்லக் கட்டிப் புடிச்சுட்டு யோசிச்சேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. பிறகு நான் போய்ப் படுத்தேன். என்னை யாரும் எழுப்பவில்லை.

அடுத்த இரண்டு நாளும் புயல். கடலும் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை. ஜெர்மன்காரர்கள் சீட்டு ஆடினார்கள், நாங்கள் தூங்கினோம். எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினோம். இவ்வளவு தூரம் வந்து தூங்குகிறீர்களே என்று யாரும் கேட்கவில்லை. கடைசி நாள் காலையில் வானம் தெளிந்ததும் வழிகாட்டி எங்கள் இருவரை மட்டும் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டுக்குக் கூட்டிப்போனாள். மரங்களுக்கு நடுவே மெதுவாக ஏறினோம். யாருக்கும் அவசரம் இல்லை. இறங்கும்போது அவர் நாலைந்து வளைவு அழகாகப் போட்டார், பிறகு ஒரு புதரில் போய் விழுந்தார். தொப்பி ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம். பனியில் மல்லாந்து கிடந்தபடியே கையை ஆட்டினார். நான் விழாமல் அவரைத் தாண்டிக் கடலோரம் வரை போய் நின்றேன். அவ்வளவு தூரம் விழாமல் போனது அந்த ஒருமுறைதான்.

திரும்பி வந்ததும் ஊர் எங்களை அப்படியே விழுங்கியது. எனக்குப் புதிய வகுப்புகள், அவருக்கு அதே சைட். எஸ்டிமேஷனுக்கு மாற்றச் சொல்லி அவர் கேட்டபோது எகிப்திய மேனேஜர் நம்பவில்லையாம். "சைட் கலாஸ்? முடிஞ்சுதுங்கிறியா? லீவுல போயி மூளைய அங்கயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று கேட்டாராம். இன்றைக்கு, நாளைக்கு என்று கோடை முழுவதும் இழுத்தடித்தார்கள். அதுவரை நான் தினமும் சாயங்காலம் அவருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டே இருந்தேன், வண்டி வீட்டு வாசலுக்கு வரும்வரை. பேச ஒன்றும் இருக்காது. பள்ளியில் என்ன நடந்தது, என்ன குழம்பு, தண்ணீர் கேன் வந்ததா என்று எதையாவது பேசுவோம். சில நாள் எனக்குத்தான் தூக்கம் சொக்கும்.

ரமலான் முடிந்த பிறகுதான் எஸ்டிமேஷனுக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. அந்த வருடக் கடைசியில் உலகமெங்கும் பொருளாதாரம் சரிய, துபாயில் சைட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் விட்டு வந்த சைட்டும் நின்றது. அவர் இடத்துக்குப் போன கேரளத்துக்காரர் வேலை போய்க் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். தப்பித்தோம் என்று சொல்லிக்கொள்ள என் கணவருக்கு வாய் வரவில்லை. அந்த மனிதரை வழியனுப்ப விமான நிலையம் வரை போய்விட்டு வந்தார்.

அந்த நாட்களில்தான் ஒரு மாலை, வெயில் இறங்கும் முன்பே வீடு வந்தவர், லிஃப்ட்டில் எங்கள் எதிர் ஃபிளாட்காரரைப் பார்த்திருக்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். எங்கள் கதவுக்கு நேரெதிரே நான்கு வருடமாகக் குடியிருந்தவர்.

"சார் புதுசா குடி வந்திருக்கீங்களா?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"ஆமான்னுட்டேன்," என்றார், சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே. "நாளைக்குச் சாயங்காலம் டீ குடிக்கக் கூப்பிட்டிருக்காரு. நீயும் வர்றியா?"