ஒருவரும் திரும்பவில்லை

குன்றில் வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பேர் ரேடியோ. முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். போர் நினைவிடத்துக்கு வருகிற கூட்டத்தைக் குன்று முழுக்கக் கூட்டிப்போய், அங்கே நடந்த சண்டையைச் சொல்வது அவள் வேலை. காலையில் திறந்த வாயைச் சாயங்காலம் கேட் பூட்டும்போதுதான் மூடுவாள். மூடிய பிறகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்குக் கொஞ்சம் கிடைக்கும்.

உண்மையைச் சொன்னால் அங்கே பார்க்க ஒன்றுமே கிடையாது. ஒழுங்காக வெட்டிய புல், கண்ணாடி போட்டு மூடிய ஒரு பதுங்குகுழி, உச்சியில் ஒரு கறுப்புக் கல். அவ்வளவுதான். ஆனால் கேட்டைத் தாண்டியதும் வருகிறவர்களின் குரல் தானாக இறங்கிவிடும். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்த புருஷனும் பெண்டாட்டியும் சட்டென்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். ஆண்கள் காரணமில்லாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். போட்டோ எடுக்கும்போது சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வாயை ஒரு தினுசாக வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் மட்டும் சரிவில் உருண்டு விளையாடும். பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அதட்டுவார்கள். வெறும் புல்லைப் பார்த்துப் பயப்படத் தெரியாதது பிள்ளைகளின் குற்றமா என்ன?

அந்த வெறும் புல்லில் சண்டையை மூட்டுவதில் ரேடியோ கெட்டிக்காரி. எதிரி எந்தப் பக்கம் ஏறினான், எங்கே புகை எழுந்தது, எந்த மூலையில் தோட்டா தீர்ந்தது என்று கையை வீசி வீசிச் சொல்லிக் கூட்டத்தைக் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவாள். கல்லில் பேர் எதுவும் இல்லை. ஒரே ஒரு வரிதான்.

ஏறியவர் ஒருவரும் திரும்பவில்லை.

அதை வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்வாள். அந்த நிறுத்தம்தான் அவளுடைய சாமர்த்தியம். யாராவது ஒருவர் கேட்டே தீருவார்கள்: பயந்து பின்வாங்கவில்லை என்று அர்த்தமா, இல்லை, வீட்டுக்கே வரவில்லை என்று அர்த்தமா? "ரெண்டும்தான்" என்பாள் ரேடியோ மெதுவாக. மறுபடி ஒரு நிறுத்தம். காற்றுச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சாதவர்கள் குறைவு. கூட்டம் கலைந்த பிறகு டிக்கெட் கொடுப்பவரிடம் போய், இன்றைக்கு முரட்டு மீசைக்காரர் ஒருவரே அழுதுவிட்டார் என்று பெருமையாகச் சொல்வாள். பேயும் பிசாசும் அவளிடம் நெருங்காது. நெருங்கினால் அதற்கும் சண்டையைச் சொல்லிக் காட்டி அனுப்பிவிடுவாள் என்பது டிக்கெட்காரரின் அபிப்பிராயம்.

ஊரே வந்து கேட்டுவிட்டுப் போனது. தாலி கட்டினவர் மட்டும் வரவில்லை. அதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்.

அவளுடைய புருஷனுக்குக் கடைத்தெருவில், ஒரு மாடிப்படிக்கு அடியில், பூட்டு ரிப்பேர் கடை. நுழைந்தால் திரும்ப இடமிருக்காது. சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கும். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசாத மனுஷர். இவள் பேசுகிற பேச்சுக்கெல்லாம் சேர்த்து அவர் மௌனமாக இருந்தார் என்று சொல்ல வேண்டும். நல்ல மனுஷர்தான், ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் ஒரு கெட்ட பழக்கம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். நிற்பார். நின்றபடியே இருப்பார். கூப்பிட்டவர்கள்தான் சுற்றிக்கொண்டு முன்னால் போய் விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதலில் காது மந்தம் என்று நினைத்தாள். காதெல்லாம் பாம்புக் காது. அப்புறம் திமிர் என்று நினைத்தாள். "இந்தக் கழுத்துக்கு யாராவது எண்ணெய் விடுங்களேன்" என்று புலம்பிக்கொண்டே எத்தனையோ தடவை அவரைச் சுற்றி வந்திருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிற மகளும் பழகிவிட்டாள். அப்பாவிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் ஓடிப்போய் எதிரே நின்றுகொள்வாள்.

அவர் சண்டைக்குப் போனவர் என்பது ரேடியோவுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சொன்னார். சமையல் வண்டியில் வேலை, துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை என்று சொன்னார். இவள் அதை நம்பினாள். குன்றில் இவளுக்கு வேலை கிடைத்த அன்று சந்தோஷமாகச் சொன்னபோது, எந்தக் குன்று என்று ஒரு தடவை கேட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. வந்து ஒரு நாள் கேளுங்களேன் என்றால் கடையில் வேலை என்பார். தன் வேலையை அவர் மதிக்கவில்லை என்றே அவள் வருந்திக்கொண்டிருந்தாள். அழுத்தக்காரர், கல்லுளிமங்கர் என்று அடுக்களையில் பாத்திரங்களோடு சேர்த்து அவரையும் உருட்டுவாள்.

கடைசியில் மகள்தான் அவரை இழுத்து வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து குன்றுக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டிலிருந்து ஒருவர் வர வேண்டும். அம்மா அங்கே வேலையில் இருப்பதால் அப்பாதான் வர வேண்டும். முடியாது என்றார். மகள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவர் அன்று மத்தியானமே கடையில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்: நாளை விடுமுறை.

ரேடியோவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டாள். தொண்டைக்கு வெந்நீர் குடித்தாள். இன்றைக்கு அந்த மனுஷர் கண்ணில் ஒரு சொட்டாவது பார்த்துவிட வேண்டும் என்றுகூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு அவள் தன்னைத் தானே திட்டிக்கொண்டது வேறு கதை.

கூட்டத்தின் கடைசியில் வந்தார். கேட்டைத் தாண்டியதும் எல்லாருக்கும் குரல் இறங்கியது. அவருக்கு இறங்கக் குரல் இல்லை. எதிரி சுட்ட எதிர்மேடு தெரிகிற இடம் வந்தபோது, மற்றவர்கள் நன்றாகப் பார்ப்பதற்காக எம்பி நின்றார்கள். அவர் மட்டும் தோளைக் குறுக்கிக் குனிந்து நடந்தார். முதுகு வலிக்கிறதோ என்று ரேடியோ நினைத்தாள். வாய் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கதையில் தண்ணீர் கட்டம் வந்தது. மேலே குடிக்கத் தண்ணீர் கிடையாது, கீழே ஓடையிலிருந்துதான் தூக்கி வர வேண்டும் என்று சொல்லி, புதர் இருக்கும் பக்கமாகக் கையை நீட்டி, "இதோ, இந்த வழியாத்தான் இறங்கினாங்க" என்றாள். எல்லாத் தலையும் புதரைப் பார்த்தது. அவர் தலை மட்டும் அதற்கு முன்பே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே புல்லைத் தவிர எதுவும் இல்லை. அந்தப் புல்லை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தார். மூன்றாவது அடியில் காலை உயரத் தூக்கி, இல்லாத எதையோ தாண்டினார். இருட்டில் சொந்த வீட்டு வாசற்படியைத் தாண்டுகிற மாதிரி, பார்க்காமலே.

ரேடியோ நீட்டிய கையை இறக்க மறந்தாள். சமையல் வண்டிக்காரருக்கு இந்தக் குன்றில் எந்த வாசற்படி?

மீதிச் சண்டையை எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கல்லுக்கு முன்னால் வந்து நின்றார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்றன. மகள் முதல் வரிசையில், இது எங்கம்மா என்ற பெருமை முகத்தில் வழிய நின்றாள். வரியை வாசிக்க வேண்டும். ஏறியவர் என்று ஆரம்பித்தாள். அடுத்த சொல் வரவில்லை. ஒருவரும் என்று சொன்னால், அங்கே கடைசியில் நிற்கிற மனுஷர் யார்? செத்தவரா, ஓடினவரா? இந்த இரண்டு அர்த்தத்தையும் காட்டித்தானே இத்தனை காலமும் சம்பளம் வாங்கினாள்?

"ஒருத்தர்... ஒருத்தர் திரும்பியிருக்கலாம்" என்று முடித்தாள்.

டீச்சர் கல்லையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளைகள் சிரித்தன. மகளுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, சரிவின் விளிம்பில் கீழே பார்த்தபடி நின்றார். ரேடியோ "என்னங்க" என்று கூப்பிட்டாள். அந்த முதுகு திரும்பவில்லை. மகள்தான் வழக்கம்போல ஓடிச் சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஓடி வந்தாள்.

"அம்மா, யாரு கூப்பிட்டதுன்னு அப்பா கேக்கறார்."

"நான்தான்னு சொல்லு" என்றாள் ரேடியோ. "அம்மாதான், வேற யாரும் இல்லன்னு சொல்லு."

மகள் சொல்லப் போவதற்குள் அவர் இறங்க ஆரம்பித்துவிட்டார். புதர்ப் பக்கம் அல்ல, அந்த வெறும் புல்லின் வழியாக. ஓடவில்லை, நடந்துதான் போனார்.

சாயங்காலம் மகளை வீட்டில் விட்டுவிட்டு அவள் கடைக்குப் போனாள். விடுமுறை அட்டை தொங்கியபடியே இருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. யாரும் கேட்காத ஒரு சாவியை அரத்தால் அராவிக்கொண்டிருந்தார். பல்லெல்லாம் தேய்ந்து அது வெறும் தகடாகியிருந்தது. அவள் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, அவர் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"நீ ஏன் மாத்திச் சொன்ன?" என்றார், அரத்தை நிறுத்தாமல். "கல்லுல சரியாத்தான் போட்டிருக்கு."

அவள் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"தண்ணி எடுத்துட்டு வான்னு என்னை அனுப்பினாங்க. பாதி வழி இறங்கினேன், மேல சத்தம் ஆரம்பிச்சுடுச்சு. பின்னாடியிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. முதல்ல எல்லாருமாச் சேந்து. அப்புறம் ரெண்டு பேரு. அப்புறம் ஒருத்தன் மட்டும், ரொம்ப நேரம்." அரம் நின்றது. "நான் திரும்பல. ஓடக்கூட இல்ல. நடந்தேன். கீழ சமையல் வண்டி நின்னுச்சு, ஏறிக்கிட்டேன். கேட்டவங்ககிட்ட எல்லாம் அந்த வண்டி ஆளுன்னு சொன்னேன். உன்கிட்டயும்."

அவள் அழுதாள். கூட்டத்தை அழவைக்கத் தெரிந்தவளுக்கு, இந்த அழுகையை எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அவர் கையிலிருந்து அரத்தை வாங்கி வைத்தாள். இப்பவும் கூப்பிடறானா என்று கேட்டாள்.

"நீ கூப்பிடறப்ப எல்லாம்" என்றார்.

வீட்டுக்கு நடந்தபோது அவர் முன்னால் போனார். தெருமுனையில் பால் வாங்க வேண்டும் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. கூப்பிட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். வேகமாக நடந்து, சுற்றிக்கொண்டு, அவருக்கு எதிரே போய் நின்றாள்.

மறுநாள் குன்றில் வழக்கம்போல வேலை. கல்லில் இருந்த வரியை ஒரு சொல்கூட மாற்றாமல் வாசித்தாள். அர்த்தம் கேட்டவர்களுக்கு ரெண்டும்தான் என்று இப்போது சொல்வதில்லை. இருக்கும் அர்த்தமெல்லாம்தான் என்கிறாள். பிறகு நிறுத்திக்கொள்வாள். காற்றுச் சத்தம் கேட்கும். அதைக் காற்று என்று மட்டும் நினைக்க அவளுக்கு இனி முடியாது. அப்போது அவள் அந்த வெறும் புல்லில் இரண்டடி இறங்கி, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போல நின்று, மேலே திரும்பிப் பார்ப்பாள். அவருக்காக ஒரு தடவை. அதுவும் சொல்கிற கதையில் சேர்த்தி என்று நினைத்து, கூட்டமும் அவளோடு சேர்ந்து திரும்பிப் பார்க்கும்.