கூட்டம் ஐந்து மணிக்கு, பேருந்து ஐந்தேகாலுக்கு

மதியம் தனியாக டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. நான் வேறு கல்லூரியிலிருந்து மாறிவந்தவன். எந்தப் பேப்பரை மறுபடி எழுதவேண்டும் என்று கேட்கக்கூட ஆளில்லை. என்னைப்போல் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்கு ஓர் உதவிக்குழு தொடங்கினால் என்ன?

வகுப்பு வகுப்பாகப் போய், எந்தப் பேப்பரை மறுபடி எழுதுவது என்பதுமுதல் எல்லாம் பேசலாம், மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் என்று முழங்கினேன். வந்தவர்கள் விடுதி மாணவர்கள் மட்டும்; அதுவும் நான் வாங்கிவைத்த வடைக்காக. வரவேற்புரையின் நடுவில்தான் ஐந்தேகால் பழனி பேருந்து என் நினைவுக்கு வந்தது. பேச்சைப் பாதியில் விட்டு ஓடினேன்.

நான் அழைத்த அத்தனை பேரும் பேருந்தில் இருந்தார்கள்.

"ஏலே, தலைவரே ஓடியாந்துட்டாருடா!" என்றான் ஒருவன். "நானும் மாறி வந்தவன்தான். எந்தப் பேப்பருன்னு எங்கிட்டக் கேளு."

திங்கட்கிழமைக் கூட்டம் பின்சீட்டில். நடத்துநரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.