மாம்பாக்கத்தில் இறக்கிய அன்னக்கூடை

தாம்பரத்துப் பள்ளியில் வேலைக்கு என்னை நேர்காணல் செய்தபோது தலைமை ஆசிரியை ஒரே ஒரு விஷயத்தைத்தான் இரண்டு முறை கேட்டார். "கோவளத்துல இருந்து வர எவ்வளவு நேரம் ஆகும்?" இரண்டு முறையும் "ஒரு மணி நேரம் மேடம்" என்றேன். அது பொய். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், காலியான சாலையில், என் கணவர் பைக்கில் கூட்டிப் போனால் ஒரு மணி நேரம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கேளம்பாக்கத்தில் கம்பெனி பஸ்களும் காலேஜ் பஸ்களும் சேர்ந்துகொண்டால் எவ்வளவு என்று டிரைவருக்கே தெரியாது.

பள்ளியில் விரல் வைக்கிற மெஷின் எட்டு நாற்பதுக்கு மேல் வைத்தால் சிவப்பாக எரியும். மாதத்தில் மூன்று சிவப்பு விழுந்தால் அரை நாள் விடுப்பு போய்விடும். அதைவிட, ஆசிரியர் அறையில் எல்லோர் எதிரிலும் காரணம் சொல்ல வேண்டும். நான் அதற்குத்தான் பயந்தேன். ஆறு நாற்பது பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். உட்கார இடம் கிடைத்தாலும் என் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அதே பஸ்ஸில் மீன் விற்கும் அக்கா ஒருவர் வருவார். கரையில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் போட்டு அலுமினிய அன்னக்கூடையில் அடுக்கி, பின்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அதற்குக் காவலாக நிற்பார். சேலையூர்ப் பக்கம் தெருத்தெருவாகப் போய் விற்பார். பின்வரிசையில் சீட் காலியானால் முந்தானையைப் போட்டு எனக்குப் பிடித்து வைப்பார்.

"இன்னா டீச்சர், வாட்சியையே பாத்துகினு கீற? நீ பாத்தா வண்டி சீக்கிரம் போவுமா?"

"உங்களுக்கு என்னக்கா, லேட்டா போனாலும் யாரும் கேக்க மாட்டாங்க."

"மீன் கேக்கும். ஐஸு கரைஞ்சிச்சுனா மீன் கேக்கும்."

அப்போது நான் சிரித்தேன். அவருக்கும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு மழைக்கால மாதத்தில், பத்தாம் தேதி ஆவதற்குள் எனக்கு இரண்டு சிவப்பு விழுந்துவிட்டது. அன்று காலை மாம்பாக்கத்துக்கு வரும்போதே ஏழு நாற்பது. ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் ஒரு பள்ளத்தைக் கவனிக்காமல் விட்டார். வண்டி தூக்கிப் போட்டதில் கூடை சாய்ந்து, மீன் தண்ணீர் ஒருவருடைய பேண்ட்டில் கொட்டியது. இளவயதுக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஃபைல்.

"இன்டர்வியூக்குப் போறேன்மா! இந்த நாத்தத்தோட எப்படிப் போவேன்?" என்று கத்தினார். அழுதுவிடுவார் போல இருந்தது. அவர் பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தினமும் இதே தொல்லை, லக்கேஜுக்கு வேறு வண்டி பார்க்கட்டும், இறக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்றார்கள். அக்கா குனிந்து, இடுப்பிலிருந்த துணியை உருவி, அவருடைய காலைத் துடைக்கப் போனார். அவர் காலை இழுத்துக்கொண்டார். ஸ்டாப்பில் நின்ற வண்டி கிளம்பவில்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி இரண்டு பக்கமும் பார்த்தார்.

ஏழு நாற்பத்தைந்து. ஏழு நாற்பத்தேழு.

"அக்கா, நீங்க இறங்கி அடுத்த பஸ்ல வந்துடுங்களேன்" என்றது என் குரல்தான். "எல்லாருக்கும் லேட் ஆகுது."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கூடையின் ஒரு பக்கத்தை அவர் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடித்து இறக்கினேன். உதவி செய்கிறேன் என்றுகூட அப்போது நினைத்துக்கொண்டேன். என் பையின் வார் கூடையின் காதில் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை ஈரக்கையால் எடுத்துவிட்டு, "பை, பாத்து" என்றார். விசில் அடித்தது.

எட்டு முப்பத்தெட்டுக்கு விரல் வைத்தேன். பச்சை. முதல் பாடவேளை முழுவதும் சாக்பீஸ் பிடித்த கையில் மீன் வாடை அடித்தது.

மறுநாள் பஸ்ஸில் அக்கா இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த வாரம் முழுவதும் பின்படியில் ஏறி, கூடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்னால் போனேன். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்றால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. வீட்டிலும் அப்படித்தான். அடுப்பை ஏற்றிவிட்டு வாசலுக்குப் போவேன், வாசலிலிருந்து திரும்பி வருவேன். "எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கணவர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "நீ சொல்லலைன்னா வேற யாராவது சொல்லியிருப்பாங்க" என்றார். அதனால் மனசு ஆறவில்லை. மற்றவர்கள் யாரும் அவர் பிடித்து வைத்த சீட்டில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சர்ச்சிலிருந்து நேராகக் கரைக்குப் போனேன். படகுகளுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்.

"மீன் வேணுமா?" என்றார், யாரோ ஒருவரிடம் கேட்பதுபோல.

"அக்கா, அன்னிக்கு..."

"அன்னிக்கு ரெண்டு பஸ்ஸு நிக்கவே இல்ல. மூணாவது வர்றதுக்குள்ள ஐஸு போயிட்ச்சு. அங்கியே மரத்தடியில குந்தி பாதிய வித்தேன். மீதிய நாய்க்குப் போட்டேன்." கத்தியைத் தண்ணீரில் அலசினார். "இப்ப நாங்க நாலு பேரு சேந்து லோடு ஆட்டோ வச்சிகினோம். பஸ்ஸ விட சீக்கிரம் போயிட்றோம். அதுல ஒண்ணும் நஷ்டம் இல்ல."

"தப்பு பண்ணிட்டேன்க்கா."

"அந்தப் பேண்ட்டுக்காரன் யாரோ. அவன் கத்துனான், சரி. நீ யாரோவா?"

மடியில் பையை வைத்துக்கொண்டு அந்த மணலில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. வந்தவர்களுக்கு மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியதும் எனக்கும் சங்கரா எடுத்து வெட்டிக் கொடுத்தார்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவரிடம்தான் மீன் வாங்கினேன். இரண்டு மாதம்வரை மீனைப் பற்றித் தவிர வேறு பேச்சில்லை. பிறகு ஒரு நாள் செதிலைச் சீவிக்கொண்டே, தன் மருமகளுக்குத் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை கிடைத்திருக்கிறது என்றார்.

"தனியா அவ்ளோ தூரம் போனதே இல்ல. எந்த பஸ்ஸுல அனுப்பலாம்?"

"ஆறு நாப்பதுல அனுப்புங்கக்கா. நான் கூட்டிட்டுப் போறேன்."

கத்தி நின்றது. "லேட்டாவுதுனு எறக்கி வுட்ற மாட்டியே?"

அவர் சிரிக்காமல்தான் கேட்டார். "மாட்டேன்க்கா" என்றேன்.

திங்கட்கிழமை அந்தப் பெண் டிபன் டப்பாவுடன் நின்றிருந்தாள். ஜன்னல் ஓரத்தை அவளுக்குக் கொடுத்தேன். கேளம்பாக்கம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கண்டிகையில் வண்டி நகரவே இல்லை. மணி எட்டைத் தாண்டியது. அவள் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று, ஆடப் பார்த்த காலை மற்றொரு காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.