மூன்றாவது நிமிடத்தில் ரெஜினா

போன வெள்ளிக்கிழமை காலையில் என் கைப்பேசி மூன்று முறை அடித்தது. தெரியாத எண், எடுக்கவில்லை. நான்காவது முறை எடுத்தேன். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றது ஓர் ஆண் குரல். "எந்த அம்மா? நீ யாரு?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் வைத்துவிட்டு, குரல் ரெட்டியார்பாளையத்துத் தோழி ரெஜினாவின் மகனுடையது போல் பட்டதால் அவள் வீட்டு எண்ணுக்கு நானே அடித்தேன். அதே குரல் எடுத்தது. அவள் மகன்தான். "சந்தேகமா இருந்தா வெச்சிடு. உங்கிட்ட இருக்கிற நம்பருக்கு நீ கூப்பிடு" என்பது ரெஜினா ஓயாமல் சொன்ன வாய்ப்பாடு. பையன் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க வெச்சிட்டுத் திரும்பக் கூப்பிடுவீங்கன்னு அம்மா முன்னாடியே சொன்னாங்க" என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வெளியூர் அழைப்புகளை இணைக்கும் ட்ரங்க் போர்டில் எங்களோடு உட்கார்ந்தவர்களுக்கு அவளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் புதுச்சேரி தொலைபேசி நிலையத்தில் சேர்ந்தோம். அவள் சொல்தா வீட்டுப் பெண். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சேலை மடிப்பு கலையாது, ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வரமாட்டாள். நான் இரண்டுக்கும் நேர் எதிர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அப்போது எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 'பி.பி. கால்' என்று ஒன்று உண்டு. இன்னார்தான் பேச வேண்டும் என்று பெயர் சொல்லிப் பதிவது. அந்த ஆள் வந்தால்தான் இணைப்போம். நாங்கள் மற்றவர்கள் "வந்துட்டாங்களா?" என்று மட்டும் கேட்டுக் கொடுத்துவிடுவோம். ரெஜினா பெயரை, அப்பா பெயரை, சில நேரம் தெருவையும் கேட்பாள். "ஆதார் கார்டு கொடுக்கும் முன்பே ஆதார் கேட்டவள்" என்று பிற்காலத்தில் அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஜமீலா பீவி என்று ஓர் அம்மா. கணவர் இல்லை. மூத்த மகன் அன்வர் சார்ஜாவில் வேலை பார்த்தான். வீட்டில் தொலைபேசி கிடையாது. தெருமுனையில் காசிம் பாயின் காப்பித்தூள் கடை எண்ணுக்குத்தான் அழைப்பு வரும். ட்ரங்க் கால் என்று நாங்கள் சொன்னதும், எந்த ஊர் என்று கேட்காமலே காசிம் பாய் ஓடிவிடுவார். அந்த வீட்டுக்கு ட்ரங்க் கால் என்றால் சார்ஜாதான், வேறென்ன?

ஒரு வாரத்தில் ஜமீலா பீவிக்கு இரண்டு பி.பி. கால் வந்தது. இரண்டையும் போட்டது நான். இரண்டுமே விழுப்புரம் லைனில் வந்தவை. ஆனால் பேசியவன் தொண்டை கிழியக் கத்தினான். "சார்ஜாவுலேருந்து பேசறேன்! அன்வர் வேலை பாக்கற கம்பெனி மேனேஜர்!" அன்வருக்கு உடம்பு சரியில்லை என்றதும் அந்த அம்மா அழ ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் காதில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. விலகிக்கொண்டேன். எனக்கெதற்கு வம்பு? மறுநாள் கேன்டீனில் டீ குடிக்கும்போது, "விழுப்புரம் எப்பம்மா சார்ஜாவுக்குப் போச்சு?" என்று அவனைப் போலவே கத்திக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினா மட்டும் டம்ளரைக் கீழே வைத்தாள். "யாருக்குப் பி.பி.?" என்று கேட்டாள். சொன்னேன். நேராகப் போய் மேற்பார்வையாளரிடம் விழுப்புரம் போர்டைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்துக் காலை பதினோரு மணிக்கு மூன்றாவது அழைப்பு வந்தது. அன்வர் நினைவில்லாமல் கிடக்கிறான், உடனே ஆபரேஷன், உங்கள் மகள் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் நகையைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரும் ஆளிடம் கொடுத்தனுப்புங்கள் என்று அவன் கத்த ஆரம்பித்தான். ரெஜினா காதில் இவ்வளவும் விழுந்துவிட்டது. கேட்டதை வெளியே சொன்னால் வேலை போய்விடும். கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று நிமிடம் ஆனதும் லைனுக்குள் போய் நேரத்தை நீட்டிக்கணுமா என்று கேட்பது எங்கள் கடமை. அவள் போனாள். "விழுப்புரம், மூணு நிமிஷம் ஆயிடுச்சு. விழுப்புரம் பார்ட்டி, நீட்டிக்கணுமா?"

அவன் பட்டென்று வைத்துவிட்டான். ஆனால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. "லைன் போயிடுச்சே, என் புள்ள போயிடுவானே" என்று அலறினார். ரெஜினா சொன்னாள்: "அம்மா, நான் எக்ஸ்சேஞ்சுலேருந்து பேசறேன். வேற ஒன்னும் சொல்ல எனக்கு உரிமையில்ல. உங்க மகன் கடுதாசியில கம்பெனி நம்பர் இருக்கும், எடுத்தாங்க. அவர் பேருக்கு பி.பி. புக் பண்ணுங்க. அவரே வந்தாத்தான் லைன் குடுப்பேன்."

சார்ஜாவுக்குப் பம்பாய் வழியாகப் போக வேண்டும். பன்னிரண்டு ஆனது, இரண்டு ஆனது. மூன்றரைக்கு, கம்பெனிக்காரர்கள் ஆளைக் கூப்பிடப் போயிருப்பதாகப் பம்பாய் சொன்னது. நான்கு மணிக்கு ஒரு குரல், "அம்மா?" என்றது. சொன்னால் வெட்கம், அந்த ஒரு லைனில் நாங்கள் ஆறு பேர் காது வைத்திருந்தோம்.

ஜமீலா பீவி அழவில்லை. "நீ அன்வர்தானா? நம்ம வூட்டுப் பூனை பேரு இன்னா, சொல்லு" என்றார்.

"பூனையா? பூனை முடி பட்டாலே உனக்குத் தும்மல் வருமே. நம்ம வூட்டுல ஏதும்மா பூனை? இன்னா ஆச்சு உனக்கு?"

"எம்புள்ளதான்! எம்புள்ளதான்!" என்று அவர் கத்தினார். போர்டில் நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். அப்படியொரு நிம்மதியான மூச்சை அதற்குப் பிறகு நான் விட்டதாக நினைவில்லை.

ஐந்து மணிக்கு நகை வாங்க ஒருவன் வந்தான். காசிம் பாய் அவனை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள், அவர் முன்பே சொல்லி வைத்திருந்த போலீஸ் வந்துவிட்டது. மறுநாள் மேற்பார்வையாளர் ரெஜினாவைக் கூப்பிட்டு, லைனில் ஊர்ப் பெயரை எதற்குச் சொன்னாய் என்று மெமோ எழுதப் பேனாவைத் திறந்தார். "நீட்டிக்கணுமான்னு கேக்கச் சொல்லியிருக்கு, கேட்டேன். ஊர் பேர சொல்லக்கூடாதுன்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

அந்த வருடம் தொடங்கி நோன்புப் பெருநாள்தோறும் ஜமீலா பீவி வீட்டிலிருந்து எங்கள் நிலையத்துக்கு இரண்டு பாத்திரத்தில் பிரியாணி வரும். ரெஜினாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. 'டெலிபோன் அக்காங்க ரெண்டு பேரு' காப்பாற்றினார்கள் என்பது அவர்கள் கணக்கு. சில வருடம் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு பெருநாளன்று முடியவில்லை. பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளினேன். "எனக்கு எதுக்குடி இது? அந்தம்மா அழுதப்போ லைன விட்டுட்டு வந்தவ நான். அத வெச்சு ஜோக்கு அடிச்சவ."

ரெஜினா பாத்திரத்தைத் திருப்பி என் பக்கமே தள்ளினாள். "நீ சிரிச்சாவது சொன்ன. சொல்லாம இருந்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? சாப்பிடு."

அவள் எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறாள். நான் வைத்துக்கொள்வது அந்த 'சாப்பிடு'வை.