எந்த ரப்பர்?

செல்லபாயின் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் மரச்சீனிக் கிழங்கை நறுக்கி, அவித்து, தாளித்தும் இறக்கிவிடலாம். கேலிக்குச் சொல்லவில்லை, 2011 ஆனி மாதம் முழுக்க அவள் செய்தது அதுதான். எட்டு மணிக்கு அண்டியாபீஸ் சங்கு ஊதும்போது பொத்தானை அமுக்குவாள். கிழங்கை இறக்கிவிட்டு வந்து பார்த்தால், கறுப்புத் திரையில் அந்த நீலப் பட்டை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

அண்டியாபீஸ் என்றால் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. அந்தச் சங்குக்குப் பதினோரு வருடம் ஓடியவள் செல்லபாய். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் தோல் உரியும், கறுக்கும். கல்யாணப் பந்தியில் இலைக்கு மேல் கையை நீட்டவே கூசுவாள். முப்பத்தாறாம் வயதில் திருவட்டாற்றுக்கு டைப்படிக்கப் படிக்கப் போனபோது ஊர் சிரித்தது. சிரிக்கட்டும், ஊர் வாய்க்கு வேறென்ன வேலை. நாகர்கோவிலில் யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, வீட்டு முன்னறையில் ‘பெத்லகேம் டைப்பிங் சென்டர்’ என்று பலகை மாட்டினாள். விரல்களின் கறுப்பு போக அதற்குப் பிறகும் ஒரு வருடம் ஆனது.

மனு, பயோடேட்டா எல்லாம் வரும். ஆனால் அடுப்பெரிந்தது பாட்டுத்தாளால்தான். செத்தவரின் படமும் அடக்க ஆராதனைப் பாட்டுகளும் அடித்த தாள் இல்லாமல் அந்தப் பக்கத்தில் யாரும் மண்ணுக்குள் போவதில்லை. காலையில் கேட்டால் மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டும். பிழை வரக்கூடாது. செல்லபாய் பிழை விடமாட்டாள்.

அந்த ஆனியில் மரியான் வாத்தியார் இறந்துபோனார். மகன் படத்தோடு வந்து நின்றான். படத்தைத் திறந்ததுமே கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டாள். மறுபடியும் உறைந்தது. பத்தரை மணிவரை பொறுத்திருந்துவிட்டு, “செரி அக்கா, நான் மார்த்தாண்டத்துக்கே போறேன்” என்றான். கோபித்துக்கொண்டிருந்தாலாவது தேவலை, அவன் கோபிக்கவும் இல்லை. அடுத்த இரண்டு சாவுக்கு ஒருவரும் அவள் படியேறவில்லை.

மெக்கானிக் ஒருவன் வந்து பார்த்து, பழைய இரும்புக்காரனுக்குப் போடச் சொன்னான். புதுசு வாங்க அவளிடம் எங்கே இருக்கிறது? வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் அண்டியாபீஸ் மேஸ்திரி வேளாங்கண்ணியைப் பார்த்தாள்.

“உனக்க இடம் காலியாத்தான் கெடக்கு. திங்கக்கிழம வாறியா?”

வாறேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, விரல்களைப் பார்த்துப் பார்த்து அழுதாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம்வரை உட்கார்ந்து கம்ப்யூட்டரில் இருந்த குப்பையை அள்ளினாள். கல்யாண அட்டைக்காக ஏற்றி வைத்த கொடியெழுத்து, பூவெழுத்து என்று நானூறு வகை இருந்தது. கறாராக நாற்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கினாள். தானாகத் திறந்து வாசலை அடைத்த ஏழெட்டுப் புரோகிராம்களையும் நிறுத்தினாள். கொஞ்சம் குணம் தெரிந்தது. போதவில்லை. மஸ்கட்டில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் தம்பி பெனினுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். அவன் கூப்பிட்டான்.

“மெமரி எவ்வளவு காட்டுது அக்கா?”

“இருநூத்தி அம்பத்தாறு.”

“ரெண்டு துண்டு கெடக்கில்லா, ஐநூத்திப் பன்னெண்டு காட்டணும். ஒண்ணு வேல செய்யல்ல. கரண்டப் புடுங்கிட்டு ரெண்டையும் கழத்து. அடியில தங்கப் பல்லு மாதிரி இருக்கும். அத ரப்பர் வச்சுப் பைய தேயி. பெறவு...”

பெறவு என்ன என்பதற்குள் அவனுடைய கார்டில் காசு தீர்ந்துவிட்டது.

“இஞ்சேருங்க, ரப்பர் வேணுமாம்” என்றாள் கணவன் யோவானிடம்.

யோவான் இருபது வருடமாக ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பவன். “அதுக்கா நம்ம வீட்டில பஞ்சம்?” என்று வீட்டுப் பக்கவாட்டில் இறக்கிய சாய்ப்புக் கொட்டகைக்குப் போனான். கொடியில் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளை ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, புள்ளியில்லாத ஒன்றின் ஓரத்தைக் கத்திரித்துக்கொண்டு வந்தான்.

பெட்டியைத் திறந்து துண்டுகளை எடுத்தாள். ஒன்றின் பல் பளபளவென்றிருந்தது. மற்றதில் கறுப்பேறிக் கிடந்தது. அந்தக் கறுப்பு அவளுக்குத் தெரியாததா? பதினோரு வருடம் அவள் விரலில் இருந்ததுதானே. பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல ஷீட்டுத் துண்டால் தேய்த்தாள். திரும்பப் பொருத்திப் பொத்தானை அமுக்கினால், பீப் பீப் என்று ஒரே ஓலம்.

“போச்சு. உள்ளதும் போச்சு” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யோவான் குனிந்து பார்த்தான். “ஏட்டி, துண்டு ஒரு பக்கம் பொங்கி நிக்குது பாரு.”

அமுக்கினாள். டக்கென்று உட்கார்ந்தது. கம்ப்யூட்டர் திறந்தது. ஐநூற்றுப் பன்னிரண்டு.

ஞாயிறு சாயங்காலம் பெனின் மறுபடி கூப்பிட்டபோது போனைச் சத்தமாக வைத்தாள். ஷீட் கதையைக் கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பு மஸ்கட் முழுக்கக் கேட்டிருக்கும்.

“பென்சில் எழுத்த அழிக்கிற ரப்பரையில்லா அக்கா சொன்னேன். செரி, வேல செஞ்சுதுல்லா, விடு. ஆனா அது எப்படி அவ்வளவு கறுத்துது? பக்கத்தில ஆசிட் எதும் வச்சிருக்கியளா?”

முன்னறை ஜன்னலைத் திறந்தால் சாய்ப்பு. அங்கேதான் யோவான் தினமும் தட்டுகளில் ரப்பர் பாலை ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைப்பான். யோவான் எழுந்துபோய், இருட்டுமுன் தட்டுகளையும் ஆசிட் கேனையும் விளைத் தோட்டத்தின் கடைசிப் பலாமரத்தடிக்குச் சுமந்தான்.

“நானாட்டி உன் பொழப்பக் கெடுத்தது?” என்றான் திரும்பி வந்து.

“தெரிஞ்சா செஞ்சிய? கைய நல்லாக் கழுவிட்டு வாருங்க” என்றாள். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

ஒரு நாள் ஓடியதை நம்பி, கொடுத்த வாக்கை மாற்றலாமா? திங்கட்கிழமை விடிந்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆலைக்குக் கட்டுகிற பழைய சேலையையே கட்டிக்கொண்டாள். மரம் வெட்டிவிட்டு வந்த யோவான், அவளுடைய பழைய தூக்குவாளியில் சோறும் சாளை மீன்கறியும் வைத்து வாசலில் நின்றான். சங்கு ஊதியது. அவள் போய்ப் பொத்தானை அமுக்கினாள்.

சங்கு இழுத்து ஊதி ஓய்ந்தபோது கம்ப்யூட்டர் கண் விழித்திருந்தது; திரையில் பச்சை மேடும் நீல வானமும்.

“ஏட்டி, நேரமாச்சே. போவல்லியா?”

செல்லபாய் போனை எடுத்தாள். “வேளாங்கண்ணியக்கா, எனக்க இடத்த வேற ஆருக்காவது குடுத்திருங்க.” பிறகு அவனிடம் சொன்னாள்: “சோத்த இஞ்ச மேசைல வையுங்க. உச்சைக்குத் தின்னுக்கிடுதேன்.”